புளோரன்ஸில் ஆறு மணி நேரம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

ரோமிலிருந்து வெனிஸுக்குச் செல்லும் அதிவேக ரயில்களுள் பல, வழியில் புளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்துக்குள் நுழைகின்றன. தண்டவாளங்கள் அங்கேயே முடிந்துவிடும் முனைய நிலையம் அது என்பதால், சில நிமிடங்கள் நின்றுவிட்டு வந்த திசையிலேயே மீண்டும் வெளியேறுகின்றன. அந்தச் சில நிமிட நிறுத்தத்தை ஐந்தாறு மணி நேரமாக நீட்டிக்கொள்வது கடினமன்று. ரோமிலிருந்து இங்கு வர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும் இங்கிருந்து வெனிஸ் செல்ல இரண்டே கால் மணி நேரமும் ஆகும். ஆகவே காலையில் ரோமை விட்டுப் புறப்பட்டு இரவு உணவுக்கு வெனிஸ் சேர விரும்பும் ஒருவருக்கு, இடையில் பகலின் பெரும்பகுதி மிச்சமாகக் கிடைக்கிறது. அதை எதற்குச் செலவிடுவது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் ஐந்தாறு உண்டு: உஃபிட்சி ஓவியக்கூடம், பேராலயத்தின் குவிமாடம், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை, நகரத் தெருக்களில் ஒரு நடை, ஆற்றுக்கு அப்பாலுள்ள குன்று. மூன்று முறை இவ்வாறு வழியில் இறங்கி, மூன்று முறையும் வெவ்வேறு வகையில் பகலைக் கழித்தவன் நான். முதல் இரு முறையும் 'இந்நகரில் மிகப் பெரியது எது' என்று கேட்டுத் தேர்ந்தேன். இரு முறையும் மூச்சிரைக்க ரயிலேறினேன். மூன்றாம் முறை வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டேன். என் ரயில் தாமதமானாலும் கெட்டுப்போகாத திட்டம் எது? இந்நகரத்துக்கு வந்தால் ஒழிய வேறெங்கும் காண முடியாதது எது? கீழே வரும் ஒப்பீடு இந்த இரண்டு கேள்விகளையே அளவுகோலாகக் கொண்டது.

முதலில் கணக்கு. காலை பத்து மணிக்கு இறங்கி மாலை நான்கு மணிக்கு ஏறுவதாக வைத்துக்கொண்டால், தாளில் ஆறு மணி நேரம் இருக்கிறது. பெட்டிகளை நிலையத்தின் பொருள் காப்பறையில் ஒப்படைக்க, வரிசை நீளமாக இருந்தால் அரை மணி நேரம் போய்விடும். திரும்பி வந்து அவற்றை மீட்டு, நடைமேடை எண்ணைப் பார்த்து, சீட்டைக் காட்டித் தடுப்பைக் கடக்க இன்னும் நாற்பது நிமிடங்களேனும் ஒதுக்க வேண்டும். உணவுக்கு முக்கால் மணி நேரம். மிஞ்சுவது நான்கு மணி நேரம்தான். பலரும் ஆறு மணி நேரத்துக்குத் திட்டமிட்டு, நான்கு மணி நேரத்தில் அதை நடத்தி முடிக்கப் பார்க்கிறார்கள். சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

பயணச்சீட்டைப் பற்றியும் ஒரு சொல். இத்தாலியின் அதிவேக ரயில்களில் சீட்டு ஒரு குறிப்பிட்ட வண்டிக்கும் இருக்கைக்கும் மட்டுமே செல்லும். ரோமிலிருந்து வெனிஸுக்கு ஒரே சீட்டாக எடுத்துவிட்டு நடுவில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ள முடியாது. ரோம்–புளோரன்ஸ், புளோரன்ஸ்–வெனிஸ் என இரண்டு சீட்டுகளாகவே எடுக்க வேண்டும். மிக மலிவான கட்டண வகைகளை மாற்ற இயலாது என்பதால், இரண்டாவது சீட்டையாவது சற்றுக் கூடுதலாகக் கொடுத்து மாற்றத்தக்கதாக வாங்கிக்கொள்வது நல்லது. சில வண்டிகள் சாந்தா மரியா நொவெல்லாவுக்கு வராமல், ஊருக்குச் சற்று வெளியே உள்ள காம்போ தி மார்த்தே அல்லது ரிஃப்ரேதி நிலையத்தில் நின்றுவிட்டுப் போய்விடும். சீட்டு எடுக்கும்போது நிலையத்தின் முழுப் பெயரையும் படிக்காதவர் அரை மணி நேரத்தை அங்கேயே இழப்பார்.

இனி உஃபிட்சி. 1560-இல், நகரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தைச் சேர்ந்த முதலாம் கோசிமோவின் ஆணைப்படி, ஆட்சி அலுவலகங்களுக்காக ஜியோர்ஜியோ வசாரி எழுப்பத் தொடங்கிய கட்டடம் இது. 'உஃபிட்சி' என்ற சொல்லின் பொருளே அலுவலகங்கள் என்பதுதான். மெதிச்சி மரபின் கடைசி வாரிசான அன்னா மரியா லுயீசா, குடும்பத்தின் கலைச்செல்வங்கள் நகரை விட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை 1737-இல் ஓர் உடன்படிக்கையாகவே எழுதி வாங்கினார். அந்த ஒரு பெண்ணின் பிடிவாதம் இல்லையென்றால் இன்று புளோரன்ஸுக்கு வருவதற்கான காரணங்களில் பாதி வியன்னாவிலோ பாரிஸிலோ இருந்திருக்கும். பொத்திச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு', லியோனார்தோவின் 'மங்கள வார்த்தை' (இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாளுக்கு அறிவிக்கும் காட்சி), காரவாஜியோவின் 'மெதுசா' ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இதை விட்டுவிட்டுப் போகச் சொல்வது துணிச்சலான பேச்சு என்பதை அறிவேன்.

ஆயினும் குறுகிய நிறுத்தத்துக்கு உஃபிட்சி பொருந்தாது என்பதே என் முடிவு. முன்பதிவில் நுழையும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். முன்பதிவு இன்றிப் போனால் வரிசையே பகலைத் தின்றுவிடும். என் முதல் பயணத்தில் ரயில் இருபத்தைந்து நிமிடங்கள் பிந்தியது. பதினொன்றே கால் நுழைவுக்காகப் பெட்டியை இழுத்துக்கொண்டு கற்பாதையில் ஓடினேன். பெரிய பெட்டியை உள்ளே ஏற்க மறுத்தார்கள். மீண்டும் நிலையம், மீண்டும் ஓட்டம். உள்ளே சென்றபின் படியேறி மேல்தளத்திலிருந்து தொடங்க வேண்டும். கட்டடம் நீண்ட லாட வடிவில் இருப்பதால் நடை மட்டுமே கணிசமான நேரம் எடுக்கும். பொத்திச்செல்லியின் முன் நின்றவர்களின் கைப்பேசித் திரைகளில்தான் வீனஸைப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் இருந்த காரவாஜியோவுக்கு நேரமே இல்லை. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக உஃபிட்சியில் செலவிடுவது, பந்தியில் உட்கார்ந்து இலையின் ஓரத்திலிருந்த உப்பை மட்டும் நக்கிவிட்டு எழுவதற்குச் சமம். திங்கட்கிழமை அது மூடியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவின் நிலை வேறு. அதுவும் திங்களன்று மூடப்படும், அதற்கும் முன்பதிவு வேண்டும். ஆனால் அது சிறியது; ஒரு மணி நேரத்தில் மன நிறைவோடு பார்த்து முடித்துவிடலாம். 1501 முதல் 1504 வரை மைக்கலாஞ்சலோ செதுக்கிய, ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய அந்தச் சலவைக்கல் உருவம், 1873-இல் சிஞ்ஞோரியா சதுக்கத்திலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டது. சதுக்கத்தில் இப்போது நிற்பது 1910-இல் வைத்த நகல். அசலை நோக்கிச் செல்லும் கூடத்தின் இருபுறமும், கல்லுக்குள்ளிருந்து பாதி மட்டும் வெளிவந்து நிற்கும் 'கைதிகள்' வரிசையை நான் டேவிட்டை விடவும் விரும்புகிறேன். சிற்றுளி பட்ட தடங்கள் அவற்றில் அப்படியே இருக்கின்றன. டேவிட்டைப் பாராமல் போனால் வாழ்நாள் முழுதும் உறுத்தும் என்று நினைப்பவர், உஃபிட்சியை விட்டுவிட்டு இதையே தேர்ந்துகொள்ளலாம்.

குவிமாடம் ஏறுவது மூன்றாவது வாய்ப்பு. என் இரண்டாவது பயணத்தில் தேர்ந்தது அதுவே. பேராலயத்தின் கட்டுமானம் 1296-இல் தொடங்கியது. ஆனால் ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள எண்கோணத் திறப்பின் மேல் எவ்வாறு கூரை போடுவது என்று தெரியாமலேயே சுவர்களை உயர்த்திக்கொண்டு போனார்கள். அவ்வளவு பெரிய வளைவைக் கட்டும்போது தாங்கிப் பிடிக்க வேண்டிய மர அச்சுக்குப் போதுமான மரம் கிடைப்பதே அரிது. 1420-இல் பணியைத் தொடங்கிய பிலிப்போ புருனெல்லெஸ்கி, அந்த அச்சே இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகளை எழுப்பி, செங்கற்களை மீன்முள் வடிவில் அடுக்கி, ஒவ்வொரு வரிசையும் தன்னைத்தானே தாங்குமாறு செய்து 1436-இல் கட்டி முடித்தார். ஏறும் படிகள் அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவே செல்வதால், அந்த மீன்முள் அடுக்கைக் கையால் தொட்டுக்கொண்டே போகலாம். படத்தில் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாத ஒன்று உண்டென்றால் அது இந்தப் பாதைதான்.

இருந்தும் எச்சரிக்கைகள் உள்ளன. 463 படிகள், மின்தூக்கி கிடையாது. பாதை குறுகியது, உச்சியை நெருங்க நெருங்கச் செங்குத்தாகிறது. என்னுடன் வந்த நண்பர் பாதி உயரத்தில் மூச்சு முட்டி நின்றபோது, பின்னால் ஏறி வந்தவர்களின் நெரிசலில் திரும்பி இறங்குவது எளிதாக இல்லை. இதய நோய், அடைபட்ட இடங்களில் அச்சம், முழங்கால் வலி இவற்றுள் ஏதேனும் இருப்பவர் இதை நினைக்கவே வேண்டாம். முன்பதிவு கட்டாயம், கூட்டம் மிகுந்த மாதங்களில் பல நாள்களுக்கு முன்பே இடங்கள் தீர்ந்துவிடும். குறித்த நேரத்தைத் தவறவிட்டால் சீட்டு வீணாகலாம். ஆக, ரயில் தாமதத்துக்கு ஈடு கொடுக்காத திட்டம் என்ற வகையில் இது உஃபிட்சியைப் போன்றதே. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பது மட்டும் இதற்குச் சாதகம். பக்கத்திலுள்ள ஜியோத்தோவின் மணிக்கூண்டுக்கு 414 படிகள்; அங்கிருந்து பார்த்தால் குவிமாடமே கண்ணெதிரில் நிற்கும், குவிமாடத்தின் மேல் நிற்பவருக்கோ அது ஒன்றுதான் தெரியாது. பேராலயத்தின் உட்புறத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வெளிப்புறத்தின் பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்புப் பளிங்கைப் பார்த்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு உள்ளே போகிறவர் சற்று ஏமாற்றம் அடைவார். வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடலாம்.

நகர நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து பேராலயம், அங்கிருந்து சிஞ்ஞோரியா சதுக்கம், பழைய பாலம், ஆற்றைக் கடந்து சாந்தோ ஸ்பிரித்தோ, சாந்தா திரினித்தா பாலத்தின் வழியாகத் திரும்புதல் என்று ஒரு வளையம் போட்டால் நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். செலவில்லை, முன்பதிவில்லை, எந்த இடத்திலும் நிறுத்திக்கொண்டு திரும்பலாம். சிஞ்ஞோரியாவின் திறந்த மண்டபத்தில் சிற்பி செல்லினி வார்த்த கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸ் கட்டணமின்றி வெயிலில் நிற்கிறான். 1345-இல் மீண்டும் கட்டப்பட்ட பழைய பாலம், 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை நகரத்தின் மற்றப் பாலங்களையெல்லாம் தகர்த்தபோதும் தப்பியது. இன்று அதன் மேல் நடப்பது நகைக்கடைத் தெருவின் நெரிசலில் நடப்பதுதான் என்பதால், அதைத் தள்ளி நின்று சாந்தா திரினித்தா பாலத்திலிருந்து பார்ப்பதே அழகு. இந்த நடையில் ஒரு குறை மட்டும் உண்டு. ஆகஸ்ட் வெயிலிலும் நவம்பர் மழையிலும் இது வதை. எந்த வாசலுக்குள்ளும் நுழையாமல் முகப்புகளை மட்டும் பார்த்துவிட்டு ரயிலேறும்போது, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்த உணர்வே எஞ்சும்.

குன்றின் மேலுள்ள சான் மினியாத்தோ ஆலயம் அருமையானது; 1207-ஆம் ஆண்டு பதித்த இராசிச் சக்கரத் தரை ஒன்றுக்காகவே அங்குப் போகலாம். ஆனால் தொலைவும் ஏற்றமும் நண்பகல் இடைவேளையும் சேர்ந்து, பகல் நேரச் சிறு நிறுத்தத்துக்கு அதைப் பொருந்தாததாக்குகின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் வண்டி உள்ளவர் மட்டும் மாலையில் அங்கே ஏறட்டும். நகரின் மேற்கு எல்லையில், காஷினே பூங்காவின் கடைக்கோடியில், இன்னொரு இடமும் உண்டு. கோலாப்பூரின் இளம் அரசர் இராஜாராம், ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1870-இல் புளோரன்ஸில் இறந்தார். நகரின் ஆறான அர்னோவும் முஞ்ஞோனே என்ற சிற்றாறும் கூடும் இடத்தில் அவருக்கு எரியூட்டி, பின்னர் நினைவு மண்டபம் எழுப்பினார்கள். அருகிலுள்ள பாலத்துக்கு இன்றும் 'இந்தியர் பாலம்' என்றே பெயர். இந்தியப் பயணிக்கு மனம் இழுக்கும்; நேரம் இழுக்காது.

இனி நான் மூன்றாம் முறை தேர்ந்ததைச் சொல்கிறேன். ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த சாந்தா மரியா நொவெல்லா ஆலயம், நிலையத்தின் வாசலிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவுக்குள் இருக்கிறது. முதல் இரு பயணங்களிலும் அதன் பின்புறச் சுவரை ஒட்டியே இரு முறை நடந்திருக்கிறேன், உள்ளே நுழையத் தோன்றவில்லை. ஆல்பெர்த்தி வடிவமைத்த பளிங்கு முகப்பில், செலவை ஏற்ற வணிகர் ஜியோவன்னி ருச்செல்லாயின் பெயரும் 1470 என்ற ஆண்டும் பெரிய இலத்தீன் எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன; கோயில் குழல்விளக்கில் 'உபயம்' எழுதும் வழக்கத்தை அறிந்த நமக்கு அதைப் படிக்க இலத்தீன் தெரிய வேண்டியதில்லை.

உள்ளே, நடுக்கூடத்தின் இடப்புறச் சுவரில், தந்தை, மகன், தூய ஆவி மூவரையும் ஒன்றாகக் காட்டும் மசாச்சோவின் 'திரித்துவம்' என்ற சுவரோவியம் இருக்கிறது. 1427-ஐ ஒட்டி வரையப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, முப்பது வயதைத் தொடாமலேயே மசாச்சோ இறந்துவிட்டார். தட்டையான சுவரில், உள்நோக்கிச் செல்லும் ஒரு மண்டபத்தைக் கணித முறைப்படி காட்டிய மிகத் தொடக்கக் கால ஓவியங்களுள் இது ஒன்று. கோடுகள் எல்லாம் கூடும் புள்ளி, தரையில் நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டி அமைந்திருப்பதால், சரியான தொலைவுக்குப் பின்வாங்கி நின்றால் சுவர் திறந்துகொள்கிறது. இரண்டடி முன்னே வந்தால் மூடிக்கொள்கிறது. இதற்கு யாரையும் முண்டியடிக்க வேண்டியதில்லை. நான் போன நாளில் அந்தச் சுவரின் முன் நான்கு பேர் இருந்தோம். பதினாறாம் நூற்றாண்டில் வசாரி இதன் முன்னே ஒரு பீடத்தைக் கட்டி மறைத்துவிட, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் இது யார் கண்ணிலும் படவில்லை. வெளிப்பட்ட பின் மேற்பகுதியைப் பெயர்த்து ஆலயத்துக்குள்ளேயே வேறு சுவருக்கு மாற்றினார்கள். 1952-இல் அடிப்பகுதியில் தீட்டியிருந்த எலும்புக்கூடு வெளிப்பட்ட பிறகே இரண்டும் பழைய இடத்தில் ஒன்றாயின.

இங்கே சுவரோவியம் என்பதன் தன்மையைச் சொல்ல வேண்டும். என் இரண்டாவது கேள்விக்கு விடை அதில்தான் உள்ளது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் நிறத்தைத் தீட்ட, பூச்சு உலரும்போது நிறமும் சுவரின் உடலாகவே ஆகிவிடுகிறது. ஒரு நாளில் தீட்ட முடிந்த அளவுக்கு மட்டுமே அன்று காலையில் பூசுவார்கள். மாலைக்குள் முடிக்க வேண்டும். ஓவியருக்கும் நம்மைப் போலவே கடிகாரம் இருந்தது. சட்டமிட்ட ஓவியம் கண்காட்சிக்காகக் கடல் கடந்து போகும். சுவரோவியம் அரிதாகவே அசையும். சாந்தா மரியா நொவெல்லாவுக்காக 1285-இல் தூச்சோவிடம் வரையச் சொன்ன மாபெரும் மாதா படம் இன்று உஃபிட்சியில்தான் இருக்கிறது, பலகையில் வரைந்ததால். சுவரில் வரைந்தவை மட்டும், அவற்றைப் பார்க்க வேண்டியவர்கள் நின்ற அதே தரையில் நம்மையும் நிறுத்துகின்றன. அந்த அனுபவத்தை நகலோ, நூலோ, வேறு நகரத்தின் அருங்காட்சியகமோ தர இயலாது.

முதன்மைப் பீடத்தின் பின்னே கிர்லாந்தாயோவும் அவரது பட்டறையினரும் 1485-இலிருந்து 1490 வரை தீட்டிய சுவர்கள் உள்ளன. மரியாளின் பிறப்பு என்ற பெயரில் அவர்கள் வரைந்திருப்பது, பணக்காரப் புளோரன்ஸ் வீடொன்றின் பேறுகால அறையும் நலம் விசாரிக்க வந்த பெண்களின் பட்டுடைகளும்தான். அந்தப் பட்டறையில் 1488-இல் பயிற்சிக்குச் சேர்ந்த சிறுவன் மைக்கலாஞ்சலோ. அதே சீட்டில் முற்றத்தைக் கடந்து 'ஸ்பானியர் சிற்றாலயம்' என்ற மண்டபத்துக்கும் போகலாம். அங்கே ஆந்திரேயா தி பொனாயுத்தோ 1365-ஐ ஒட்டித் தீட்டிய பெரிய சுவரில் புளோரன்ஸ் பேராலயம் குவிமாடத்தோடு முழுமையாக நிற்கிறது. உண்மையான குவிமாடம் முடிந்ததோ 1436-இல். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, எப்படிக் கட்டுவது என்று ஒருவருக்கும் தெரியாத நிலையில், கட்டி முடித்ததாகவே வரைந்துவிட்டார்கள். 463 படிகள் ஏற இயலாதவருக்குக் குவிமாடத்தின் கதையை இந்த மண்டபம் வேறொரு பக்கத்திலிருந்து சொல்லும். ஏறியவருக்கும்கூட, இதைப் பார்த்த பிறகுதான் புருனெல்லெஸ்கியின் தலை மேல் எவ்வளவு பெரிய வாக்குறுதி தொங்கிக்கொண்டிருந்தது என்று விளங்கும்.

சான் மார்க்கோ இதனோடு சேர வேண்டியது. நிலையத்திலிருந்து கால் மணி நேர நடையில் உள்ள இந்தத் துறவியர் மடத்தை, உஃபிட்சியைக் கட்டச் சொன்னவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய 'முதியவர்' கோசிமோ தே மெதிச்சியின் பணத்தில் மிக்கெலோட்சோ புதுப்பித்துக் கட்டினார். அங்கேயே துறவியாக வாழ்ந்த ஃபிரா ஆஞ்செலிகோ 1440-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் உதவியாளர்களோடு அதன் சுவர்களில் தீட்டினார். மாடிப்படி ஏறி முடியும் இடத்தில் 'மங்கள வார்த்தை' எதிரே வருகிறது. படியில் ஏறிக்கொண்டே அதைப் பார்க்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். அதன்பின் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சன்னல், ஒரு சுவரோவியம். ஓர் அறையின் ஓவியத்தை அந்த அறைத் துறவி ஒருவரே நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்காக வரைந்தவை அல்ல. ஏழாம் அறையில், கண் கட்டப்பட்டு அமர்ந்திருக்கும் இயேசுவைச் சுற்றி, உடலற்ற கைகளும் எச்சில் உமிழும் ஒரு தலையும் மட்டும் வெறுவெளியில் மிதக்கின்றன. ஐந்நூற்று எண்பது ஆண்டுகளுக்கு முந்தையது என்று நம்ப மனம் ஒப்பாது. தாழ்வாரக் கோடியில் சவோனரோலாவின் அறைகள் உள்ளன. நகரத்தையே சில காலம் தம் சொல்லால் ஆண்ட அந்தத் துறவியை 1498-இல் சிஞ்ஞோரியா சதுக்கத்தில் தூக்கிலிட்டு எரித்தார்கள். எரித்த இடத்தில் தரையில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறது.

இவ்விரண்டும் சேர்ந்த திட்டத்துக்குக் குறை இல்லாமல் இல்லை. சான் மார்க்கோ வழக்கமாகப் பகல் இரண்டு மணிக்குள் மூடிவிடும். மாதத்தின் சில ஞாயிறு, திங்கள்களில் திறப்பதே இல்லை. சாந்தா மரியா நொவெல்லா ஆலயம் வெள்ளிக்கிழமை காலையில் தாமதமாகவும், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் பின் பிற்பகலிலும்தான் பார்வையாளரை ஏற்கிறது. ஆகவே புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு இவற்றின் அதிகாரபூர்வ நேரங்களை ஒரு முறை பார்த்துக்கொள்வது அவசியம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மற்றபடி ரயில் பிந்தினாலும் இத்திட்டம் சுருங்கும், உடையாது. பெரும்பாலான நாள்களில் சீட்டை வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

வரிசையும் முக்கியம். தொலைவில் உள்ளதை முதலில் பார்த்து, நிலையத்தை நோக்கித் திரும்பிக்கொண்டே வர வேண்டும். இறங்கியதும் சான் மார்க்கோ; அது சீக்கிரம் மூடுவதால் எப்படியும் அதுவே முதலில். பின் பேராலயத்தின் வெளிப்புறத்தை ஒரு சுற்று. பின் சான் லொரென்சோ பகுதியிலுள்ள மத்தியச் சந்தையில் உணவு. 1874-இல் திறந்த அந்த இரும்பு, கண்ணாடிக் கட்டடத்தின் மாடியில் உணவுக் கடைகள் வரிசையாக உள்ளன. சைவ உணவினர் 'ரிபொல்லீத்தா' கேட்கலாம்: கருங்கீரை, வெள்ளை அவரை, பழைய ரொட்டி இவற்றை வேகவைத்து மறுநாளும் கொதிக்கவிட்ட கெட்டிக் கஞ்சி, பெயருக்கே 'மறுபடி கொதித்தது' என்றுதான் பொருள். சுண்டக்குழம்பின் அருமை தெரிந்த நாக்குக்கு விளக்கம் வேண்டியதில்லை. இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுவிட வேண்டும். ரொட்டியில் உப்பு இருக்காது. தவறிப்போய் விட்டதன்று, தஸ்கனியின் வழக்கமே அது. காப்பியை நின்றபடியே குடித்தால் விலை குறைவு, நேரமும் குறைவு. கடைசியாகச் சாந்தா மரியா நொவெல்லா. அங்கிருந்து வண்டிக்கு ஐந்து நிமிடம் என்பதால், கடிகாரத்தைப் பார்க்காமல் மசாச்சோவின் முன் நிற்க முடிகிறது. அந்த மன அமைதிக்காகவே அதைக் கடைசியில் வைக்கிறேன்.

நிறுத்தம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு என்றால் சாந்தா மரியா நொவெல்லா மட்டும் போதும், வேறெதையும் சேர்க்க வேண்டாம். பிற்பகலில் இறங்குபவர் சான் மார்க்கோவை இழந்துவிடுகிறார். அவர் ஆலயத்தை முதலில் முடித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரை நடைக்குப் போகலாம். திங்கட்கிழமை வருபவருக்கு உஃபிட்சியும் அக்காதெமியாவும் இல்லாததால் முடிவு தானே எளிதாகிறது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கையில் இருப்பவருக்கு மட்டும் நான் குவிமாடத்தையோ உஃபிட்சியையோ பரிந்துரைப்பேன். அப்போதும் இரண்டில் ஒன்றைத்தான். உடல் வலுவும் முன்பதிவும் இருந்தால் குவிமாடம் என் தேர்வு. ஓவியக்கூடத்துக்கு ஓர் இரவு தங்கலோடு இன்னொரு முறை வரலாம். படிகள் ஏறும் முழங்கால் அப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

வருகிற அக்டோபரில் மீண்டும் இதே வழியில் போகிறோம்; இம்முறை மனைவியும் வருகிறார். அவருக்கு டேவிட்டைப் பார்த்தே ஆக வேண்டும். அக்காதெமியாவும் சான் மார்க்கோவும் மூன்று நிமிட நடைத் தொலைவில் இருப்பதால் எங்கள் பேச்சுவார்த்தை நீளவில்லை. ரயில் ஒன்பதரைக்குச் சேரும். டேவிட்டுக்குப் பதினொன்றரை மணிக்கு முன்பதிவு செய்தாயிற்று, தாமதத்துக்கு இடம் விட்டு. அதற்கு முன் கிடைக்கும் நேரம் சான் மார்க்கோவின் ஏழாம் அறைக்கு.